வேதாளத்தின் கேள்விக்குப் பிள்ளைகளின் பதில்

அரக்கோணம் மார்க்கத்து மின்சார ரயிலில் அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் தாண்டிப் போனால் திருநின்றவூர் வரும். பூசலார் நாயனாரின் ஊர். சிவனுக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். எங்கெங்கோ கேட்டுப் பார்த்தும் பொருள் சேரவில்லை. கடைசியில் மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடி இந்தக் கதையை நமக்கு விட்டுச்சென்ற சேக்கிழாரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூர் அவர் பிறந்த ஊர்.

சேக்கிழார் அந்த மனக்கோயிலை ஒரே மூச்சில் எழுப்பிவிடவில்லை. பூசலார் முதலில் மனத்தால் பொருள் திரட்டுகிறார். தச்சர்களைச் சேர்க்கிறார். நல்ல நாள் பார்த்து அடித்தளம் போடுகிறார். இரவிலும் கண்மூடாமல் வேலை நடக்கிறது. விமானம் உயர்கிறது, சிகரம் ஏறுகிறது, சுதை வேலை முடிகிறது. கிணறும் மதிலும் குளமும்கூட விட்டுப்போகவில்லை. குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளில் காஞ்சிபுரத்தில் பல்லவ மன்னனும் தன் கற்கோயிலுக்கு நாள் குறித்திருக்கிறான். சிவன் அவன் கனவில் வந்து, திருநின்றவூர் அன்பன் கட்டிய கோயிலுக்கு அன்று தாம் போக வேண்டியிருப்பதால் நாளைத் தள்ளி வைக்கச் சொல்கிறார்.

நடக்காததை நடந்ததாக எண்ணுவது எளிது. அதற்கு அடித்தளம் எது, அளவு எது, எதற்குப் பின் எது என்று முறைப்படி யோசிப்பது உழைப்பு. பள்ளிக்கூடங்களில் ஒரு மாயாஜால நாவலைப் படித்து முடித்தபின் ‘புராஜெக்ட்’ என்ற பெயரில் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கப்படுவது இந்த உழைப்பைத்தான். அந்தக் கற்பனை நாட்டின் வரைபடம் வரைவது, கதாபாத்திரத்தைப் பேட்டி காண்பது, எழுதப்படாத ஒரு அத்தியாயத்தை எழுதுவது, காட்சியை நாடகமாக நடிப்பது என்று அதற்குப் பல வடிவம். வகுப்பறைக்கு இது வந்து சேர்ந்தது அண்மையில். ஊருக்குள் இது நெடுங்காலமாக இருந்தது.

தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து என்று நாள்கணக்கில் கதை நடக்கும். கேட்ட கதைக்கு ஊரே சேர்ந்து உருவம் கொடுக்கும். பகாசுரன் கதை வரும் நாளில் பீமன் வேடக்காரர் வண்டியில் ஏறித் தெருத்தெருவாகச் சோறு வாங்கிக்கொண்டு போவார். அர்ச்சுனன் தபசு அன்று உயர்ந்த கம்பத்தின் மேலேறிப் பாட்டுப் பாடி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழங்களை வீசுவார் நடிகர். போர் முடிவைக் காட்டும் படுகளத்துக்காகத் திடலில் மல்லாந்து கிடக்கும் துரியோதனனை மண்ணால் செய்து வைப்பார்கள். பிள்ளைகள் அந்த மண்ணுருவத்தைச் சுற்றி ஓடித்தான் கதையைக் கற்றார்கள்.

கூத்தில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னால் வந்து நிற்பார். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டைகளும் விளக்கொளியில் மின்னும். திரை விலகியதும் கோமாளியான கட்டியங்காரன் எதிரே போய், யார் நீங்கள், எந்த நாடு, எதற்காக வந்தீர்கள் என்று கேட்பான். ராஜா தன் வரலாற்றைத் தானே சொல்லியாக வேண்டும். இன்றைய ஆசிரியர்கள், ஒரு மாணவரைக் கதாபாத்திரமாக நாற்காலியில் உட்கார வைத்து மற்றவர்களைக் கேள்வி கேட்கச் சொல்கிறார்களே, அந்த உத்தியைக் கட்டியங்காரன் ஒவ்வொரு ராத்திரியும் செய்து காட்டியிருக்கிறான்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குள் இதற்கு இடம் குறைவு. அங்கே ஆத்திசூடியும் எண்சுவடியும் மனப்பாடமாக ஏறின. நவராத்திரிக்குக் கோலாட்டம் அடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனதுதான் பிள்ளைகள் சேர்ந்து செய்த கலை. பின்னால் வந்த ஆங்கிலேயர் காலப் பள்ளிகளும் தேர்வையும் ஒப்பித்தலையுமே நம்பின. மாயக்கதைகள் வெளியே, பெரிய எழுத்துப் புத்தகங்களில் வாழ்ந்தன. சென்னை அச்சகங்கள் வெளியிட்ட விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்காகவே கொட்டை எழுத்தில் அச்சாயின. ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்டார்கள்.

அந்த விக்கிரமாதித்தன் கதையின் அமைப்பே கேட்பவரிடம் பதில் கேட்பதுதான். ராஜாவின் முதுகில் தொங்கும் வேதாளம் ஒரு கதை சொல்லும். முடிவில் ஒரு சிக்கலை வைத்து, யார் செய்தது நியாயம் என்று கேட்கும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் ராஜாவின் தலை வெடித்துவிடும். வாய் திறந்தால் வேதாளம் மறுபடி மரம் ஏறிவிடும். ராஜா பதில் சொல்வதற்குள், கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை தன் பதிலை யோசித்துவிடுகிறது. இரண்டு பதிலும் பொருந்தாமல் போனால் வாக்குவாதம் பிறக்கும். கதையின் நீதி என்ன என்று கேட்ட பாடப்புத்தகக் கேள்விக்கு விடை ஒன்றுதான். வேதாளத்தின் கேள்விக்கோ ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விடை வைத்திருக்கும்.

1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அம்புலிமாமா இந்த வேதாளத்தை மாதாமாதம் வீட்டுக்குக் கொண்டுவந்தது. பத்திரிகையின் அலுவலகம் வடபழனியில், ஆற்காடு சாலையில் இருந்தது. அந்தச் சாலை மேற்கே போய்ப் போரூரில் பூந்தமல்லிச் சாலையைத் தொடும். 1952-இல் அங்கே சேர்ந்த ஓவியர் கே.சி. சிவசங்கரன், ‘சங்கர்’ என்ற பெயரில் வரைந்த படம், வாளேந்திய விக்கிரமனையும் தோளில் பிணத்தையும் இரண்டு மூன்று தலைமுறைகளின் கண்ணில் பதித்துவிட்டது. அதைப் பார்த்து நோட்டில் வரைந்து பார்க்காத பிள்ளைகள் அந்தக் காலத்தில் குறைவு. இரண்டு புகைப்படங்களை வெளியிட்டு, இரண்டுக்கும் பொருந்தும் தலைப்பை வாசகர்களிடம் கேட்ட போட்டியும் அம்புலிமாமாவில் வந்தது. அஞ்சலட்டை எழுதினால் போதும், பத்திரிகையில் பிள்ளைக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

மாயக்கதையைப் பள்ளிக்குள் விடலாமா என்ற சந்தேகம் பெரிய கல்வியாளர்களுக்கே இருந்தது. மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். கையால் செய்து கற்பதை உலகுக்குச் சொன்ன அவர், சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு முதலில் நிஜ உலகம் பிடிபடட்டும், தேவதைக் கதைகள் பிறகு வரட்டும் என்று கருதினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் லூயிஸ் ரோசன்பிளாட், வாசகரும் பிரதியும் சந்திக்கும் இடத்தில்தான் இலக்கியம் நிகழ்கிறது என்று வாதிட்ட நூலை வெளியிட்டிருந்தார். படித்தவர் என்ன உணர்ந்தார் என்று வகுப்பில் கேட்கும் வழக்கத்துக்கு அந்த நூல் பெரிய ஊக்கம்.

ஆசிரியர் யாரும் சொல்லாமலே பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்கு இங்கிலாந்தின் ஹாவொர்த் கிராமத்தில் ஒரு சான்று உண்டு. 1826 ஜூனில் பாட்ரிக் பிராண்டே தன் மகன் பிரான்வெலுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். அரேபிய இரவுக் கதைகளில் ஊறிய நான்கு பிள்ளைகள் அந்தப் பொம்மைகளுக்கு ஒரு நாட்டை உண்டாக்கி, தங்களை அதை ஆளும் பூதங்களாக அறிவித்துக்கொண்டார்கள். வரைபடம் வந்தது, அரசியல் வந்தது. பொம்மைகள் படிக்கும் அளவில், கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய எழுத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் பத்திரிகைகளும் வந்தன. பின்னாளில் ‘ஜேன் அயர்’ எழுதிய சார்லட்டும் ‘உதரிங் ஹைட்ஸ்’ எழுதிய எமிலியும் அந்த விளையாட்டில்தான் எழுதப் பழகினார்கள்.

நம் பக்கத்துக்குத் திரும்புவோம். சென்னைக்கு மேற்கே வயலும் ஏரியுமாக இருந்த ஊர்கள் சுதந்திரத்துக்குப் பிறகு தொழிற்சாலைகளால் வளர்ந்தன. அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ், ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளுக்காக அரசுப் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் கேந்திரிய வித்யாலயாக்களும் எழுந்தன.

வகுப்பறை மாறத் தொடங்கியது 2003-இல். மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முன்னெடுக்க, ரிஷி வேலி பள்ளியின் முறையைப் பின்பற்றிச் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. கரும்பலகை பிள்ளைகளின் உயரத்துக்கு இறங்கியது. அட்டைகளை எடுத்துத் தரையில் வட்டமாக உட்கார்ந்து படித்தார்கள். அம்பத்தூர் அப்போது திருவள்ளூர் மாவட்டத்து நகராட்சி. சென்னை மாநகராட்சியோடு இணைந்தது 2011-இல்தான். ஆகவே 2007 வாக்கில் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்தபோதுதான் இந்தப் பக்கத்துப் பள்ளிகள் அதைக் கண்டன.

2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தது. நூற்றில் 40 மதிப்பெண், பருவத் தேர்வுக்கு வெளியே வகுப்பு வேலைகளைப் பார்த்துத் தரும் வளரறி மதிப்பீட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டது. செயல்திட்டம் என்ற சொல் வீட்டுக்கு வீடு நுழைந்தது. கூடவே ஒரு கெடுதலும் நுழைந்தது. சார்ட் பேப்பரும் தெர்மாகோலும் வாங்கி வந்து பெற்றோரே ராத்திரியில் செய்து முடித்த புராஜெக்ட்டுகள் பல. கதையைப் படிக்காமலே ஒட்டிவிடக்கூடிய படத்தால் பிள்ளைக்குப் பயனில்லை. கதைக்குள் திரும்பிப் போனால்தான் செய்ய முடியும் என்கிற வேலைதான் நல்ல வேலை.

அதே காலத்தில் மத்திய வாரியப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்புக்கு நெடுவாசிப்பு நூலாக வந்த ‘கல்லிவரின் பயணங்கள்’ இதற்கு அருமையான இடம் கொடுத்தது. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1726-இல் வெளியிட்ட அந்த நாவலில் லில்லிபுட் நாட்டவரின் உயரம் ஆறு அங்குலத்துக்கும் குறைவு. அங்கே எல்லாமே நம்முடையதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. லில்லிபுட்டின் பள்ளிக்கூடத்தை அட்டையில் செய்யச் சொன்னால், மாணவர் முதலில் அளவுகோலை எடுத்துத் தன் மேசையை அளக்க வேண்டும். முப்பது அங்குல உயர மேசை இரண்டரை அங்குலமாகும். சாப்பாட்டுக் கணக்கு இன்னும் சுவையானது. கல்லிவர் அவர்களைவிட உயரத்தில் பன்னிரண்டு மடங்கு என்றால் அகலத்திலும் கனத்திலும் அப்படியே. பன்னிரண்டை மூன்று முறை பெருக்கினால் 1728. அத்தனை பேர் சாப்பாடு ஒருவருக்கு! அந்த ஊர்ச் சமையற்கட்டு என்ன பாடுபட்டிருக்கும், தானியம் எங்கிருந்து வந்திருக்கும், வரி எவ்வளவு ஏறியிருக்கும் என்று கேட்டுக்கொண்டே போகலாம். கணக்கும் பொருளியலும் கதையும் ஒரே மேசைக்கு வந்துவிடும்.

தமிழிலும் இன்று வகுப்பறைக்கு ஏற்ற மாயப் புனைவுகள் இருக்கின்றன. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-க்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023-க்கும், விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ 2025-க்கும் அந்த விருதைப் பெற்றன. ‘ஆதனின் பொம்மை’ கீழடியைத் தொடுவதால், அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டையும் சுடுமண் பொம்மையையும் களிமண்ணில் செய்து, அதை வைத்திருந்த குழந்தையின் ஒரு நாளை எழுதச் சொல்லலாம். ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பேசும் மரப்பாச்சியைக் கொண்டு, பிள்ளைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிச் சொல்லும் கதை. மரப்பாச்சிக்குக் கடிதம் எழுதுவது இதற்கு இயல்பான செயல்பாடு. ஆனால் அந்தக் கடிதம் சுவரில் ஒட்டுவதற்கு உரியதல்ல. எழுதிய பிள்ளைக்கும் அது நம்பும் ஆசிரியைக்கும் இடையே இருக்க வேண்டியது. மதிப்பெண்ணும் அதற்கு வேண்டாம்.

அரசின் பக்கத்திலும் வாசல்கள் திறந்திருக்கின்றன. 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் கதைக் களம், பொம்மலாட்டக் களம், படைப்புக் களம் என்று வகுப்பறைக்குள்ளேயே இடம் பிரித்துக் கொடுத்தது. பள்ளிக் கல்வித் துறையின் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் மாணவர்களின் எழுத்தையும் ஓவியத்தையும் அச்சிடுகின்றன. வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சின்னக் கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது.

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. கதைக்குப் பதில் என்றாலே வண்ணப் படம் என்று நினைத்துவிடுபவர்களுக்கு அந்தப் பள்ளி ஒரு நினைவூட்டல். டிராகன் வரும் காட்சியைக் குரலாலும் தகர டப்பாவாலும் மணலாலும் ஒலி நாடகமாகச் செய்யலாம். கற்பனைத் தீவின் வரைபடத்தை நூலும் உப்புத்தாளும் ஒட்டி விரலால் படிக்கும்படி செய்யலாம். பார்வையுள்ள பிள்ளைகளும் அப்படிச் செய்யும்போது, கதையின் எந்த வரி காதுக்கானது, எந்த வரி தொடுகைக்கானது என்று தேடிப் படிப்பார்கள்.

செய்ததையெல்லாம் என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. சார்லட் பிராண்டே பதினான்கு வயதில், 1830-இல், பொம்மைகளுக்காக எழுதிய ஒரு குட்டிப் பத்திரிகையை 2019 நவம்பரில் பாரிஸ் ஏலத்தில் பிராண்டே சங்கம் ஆறு லட்சம் யூரோ கொடுத்து எடுத்து, ஹாவொர்த் வீட்டு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தது. நம் பள்ளிகளில் பிள்ளைகள் வரைந்த நாடுகளும் எழுதிய அத்தியாயங்களும் ஆண்டு முடிந்ததும் பெரும்பாலும் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பள்ளி நூலகங்கள் ஒவ்வொன்றும் இதற்கென ஒரு அலமாரித் தட்டை ஒதுக்கலாம். மூல நாவலுக்குப் பக்கத்திலேயே, அதைப் படித்தவர்கள் செய்த வரைபடமும் தைத்த கையெழுத்துப் புத்தகமும் பதிவேட்டில் எண்ணோடு இருக்கட்டும். அடுத்த ஆண்டு அந்த நாவலை எடுக்கும் பிள்ளை, முந்தைய வகுப்பு சொன்ன பதிலையும் சேர்த்தே வீட்டுக்கு எடுத்துப் போகும். அதை மறுத்து எழுதவும் செய்யும்.