நாள்கூலியிலிருந்து சதுரடி வரை: வீட்டு வேலைக்கு விலை பேசும் முறையின் வரலாறு

தமிழ்நாட்டில் வீடு கட்ட முனைவோர் இன்று மேஸ்திரியிடம் முதலில் கேட்பது சதுரடிக்கு என்ன விலை என்பதையே. முழு வீட்டையும் ஒரே எண்ணுக்குள் அடக்கும் இந்த வழக்கம் வேறு இரண்டு முறைகளுக்குப் பின் வேரூன்றியது. வேலையை எந்த அலகால் அளந்தார்களோ அந்த அலகே, விலைக்குள் எது அடங்கும், எது புறத்தே நிற்கும், நட்டம் யாரைச் சேரும் என்பவற்றை ஒவ்வொரு காலத்திலும் முடிவு செய்தது.

முதல் முறை நாள்கூலி. செங்கல், சுண்ணாம்பு, மணல், மரம் அனைத்தையும் வீட்டுக்காரரே வாங்கிப் போட, கொத்தனாரும், கல்லும் கலவையும் எடுத்துக் கொடுக்கும் சித்தாளும், தச்சரும் நாள் கணக்கில் கூலி பெற்றனர். சுண்ணாம்பை நீற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்துப் பக்குவம் செய்வதற்கும், மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடித்து இறுக்கும் மெட்ராஸ் டெரஸ் என்ற தளத்துக்கும் பல நாள்கள் பிடித்ததால், வேலை முடியும் நாளை முன்கூட்டிச் சொல்வது கடினமாக இருந்தது. தாமதமும் சேதாரமும் வீட்டுக்காரர் கணக்கில் விழுந்தன. ஆனால் எது விலைக்குள் அடங்கும் என்ற வழக்குக்கு அங்கே இடமே இல்லை.

இரண்டாம் முறை அரசுப் பணிகளின் வழியாக வந்தது. 1850-களில் உருவான பொதுப்பணித் துறை, வேலையை மண்வெட்டு, கட்டுமானம், பூச்சு எனத் தனித்தனி இனங்களாகப் பிரித்து, ஒவ்வோர் இனத்துக்கும் விலை விகித அட்டவணையும், பொருளின் தரத்தையும் செய்முறையையும் விவரிக்கும் விவரக்குறிப்பும் வகுத்தது. முடிந்த வேலை, எம் புக் எனப்படும் அளவைப் புத்தகத்தில் நீள அகல உயரத்தோடு பதிவான பின்னரே பணம் வழங்கப்பட்டது. எதை அளப்பது என்பதற்கும் விதிகள் இருந்தன: 1958-இல் முதலில் வெளியான ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தர நெறியின்படி, பூச்சு வேலையில் அரை சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்பின் பரப்பு கழிக்கப்படுவதில்லை. அதன் விளிம்புகளைப் பூசும் உழைப்புக்கும் தனிக் கூலி இல்லை. ஒன்றுக்கு ஒன்று ஈடு என்பது இங்கே எழுத்தில் இருந்தது.

தனியார் வீடுகளோ இந்த நுணுக்கமான கணக்கை ஏற்காமல் சதுரடியை ஏற்றன. சிமென்ட் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்து, பர்மிட் பெற்றே வாங்க வேண்டியிருந்த காலத்துக்கு, பொருளை வீட்டுக்காரர் வாங்கித் தர, ஆள்கூலியை மட்டும் மேஸ்திரி பேசிக்கொள்ளும் லேபர் காண்ட்ராக்ட் இசைவாக அமைந்தது. அந்தக் கட்டுப்பாடு 1982-இல் பகுதியளவும் 1989-இல் முழுமையாகவும் நீங்கிச் சிமென்ட் கடைச்சரக்கான பின், பொருளும் கூலியும் சேர்ந்த சதுரடி விலைக்கு வழி திறந்தது. அரசு மெட்ரிக் அளவைக்கு மாறிய பின்னரும் தனியார் பேச்சில் சதுரடியும், நூறு சதுரடியைக் குறிக்கும் சதுரமும் நிலைத்தன.

ஆனால் எந்தச் சதுரடி என்பதே முதல் சிக்கல். உள்ளளவில் பத்துக்குப் பத்து அடி உள்ள தனி அறையின் பரப்பு 100 சதுரடி. நான்கு புறமும் 9 அங்குலச் சுவரைச் சேர்த்து வெளியளவாகக் கணக்கிட்டால் பதினொன்றரைக்குப் பதினொன்றரை, அதாவது 132.25 சதுரடி. விலை மாறாமலே தொகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்கிறது. போர்டிகோவையும் மாடிப்படியின் மேற்கூரையையும் முழுதாகக் கணக்கிடுவதா பாதியாகவா என்பதும் ஆளுக்கு ஆள் வேறுபடும். இரண்டாவது சிக்கல், சதுரடிக்குள் அகப்படாத வேலைகள். தண்ணீர் சேமிக்கும் சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டுச் சுவர், போர்வெல், பிளான் அனுமதி ஆகியவை பெரும்பாலும் தனிக்கணக்கு. பேசிய உயரத்துக்கு மேல் பேஸ்மட்டம் எழும்பினால் அதுவும் கூடுதலே.

இடையில் வாய்மொழியாகச் சொல்லிச் செய்வித்த பரணுக்கும் அலமாரிக்கும் பணம் கேட்கும்போது பூசல் எழுகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் முறைப்படி செய்து கொடுத்ததன் பயனை மற்றவர் அனுபவித்தால், அவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது. ஆகவே எழுதவில்லை என்பதாலேயே ஒரு வேலை பேசிய விலைக்குள் அடங்கிவிடுவதில்லை. எந்தச் சதுரடி என்ற முதல் சிக்கலைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் விற்பனைக்கான அடுக்ககங்களுக்கு, வெளிச்சுவர் சேராத பயன்பாட்டுப் பரப்பான கார்ப்பெட் ஏரியாவை வரையறுத்தது. சொந்த மனையில் மேஸ்திரியைக் கொண்டு கட்டும் தனி வீட்டுக்கு அந்தக் காப்பு இல்லை.

எனவேதான் கவனமாக எழுதப்படும் இன்றைய ஒப்பந்தங்களில் சதுரடி விலைக்குக் கீழே சிமென்ட், கம்பி வகை, கதவு மரம், டைல்ஸ் விலையின் உச்சவரம்பு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், எவை தனி என்ற பட்டியல் நீள்கிறது. ஒற்றை எண்ணின் எளிமையை நாடித் தனியார் ஏற்காமல் விட்ட இனவாரிக் கணக்கு, இணைப்புத் தாளாக வந்து சேர்ந்திருக்கிறது. அந்தத் தாள் இல்லாதபோது, இரண்டு மேஸ்திரிகள் சொல்லும் சதுரடி விலைகளை ஒப்பிடுவதில் பொருளில்லை.