தஞ்சாவூரில் ஒரு தேவமோகினி

பைபிளில் உன்னதப்பாட்டுன்னு ஒரு சின்ன புத்தகம் இருக்கு. எட்டே அதிகாரம். கடவுளைப் பற்றிய பேச்சே அநேகமாகக் கிடையாது. ஒருத்தியும் ஒருத்தனும் ஒருவர் உடம்பை ஒருவர் தலை முதல் கால் வரை வர்ணிக்கிறார்கள். அவ்வளவுதான்!

'இது எப்படி வேதத்துக்குள்ளே வந்தது?' என்ற சங்கடம் ரொம்பப் பழசு. யூதர்கள் கடவுளும் இஸ்ரவேலும் என்றார்கள். கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவும் சபையும் என்றார்கள். 12-ஆம் நூற்றாண்டில் பெர்னார்ட் என்ற துறவி 86 பிரசங்கம் எழுதியும் மூன்றாம் அதிகாரத்தின் வாசலைத் தாண்டவில்லை. ஆளும் போய்ச் சேர்ந்துவிட்டார் :-)

நம்ம ஊர்க்கதைக்கு வருவோம். தரங்கம்பாடி அச்சகத்தில் 1728-க்குள் பழைய ஏற்பாடு முழுசாகத் தமிழில் வந்துவிட்டது. 1774-ல் நெல்லைச் சீமையில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் சின்ன வயசிலேயே தஞ்சாவூருக்கு வந்தவர். ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்தார். இரண்டாம் சரபோஜியும் அதே பாதிரியாரின் பிள்ளைதான். 1800 வாக்கில் சாஸ்திரியார் எழுதியது பெத்லகேம் குறவஞ்சி.

குறவஞ்சி என்றால் தெரியுமில்லையா? தலைவன் பவனி வருவான், தலைவி மயங்குவாள், நிலா சுடும், குறத்தி வந்து குறி சொல்லுவாள். தஞ்சையில் இது நன்றாகவே பழகின சமாச்சாரம். சரபோஜியையே தலைவனாக்கி சிவக்கொழுந்து தேசிகர் எழுதிய குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்டது. சாஸ்திரியாரின் தலைவி தேவமோகினி, சீயோன் குமாரத்தி. தலைவன் கிறிஸ்து. குறத்திதான் விசுவாசம்.

ஐரோப்பியர் உரை எழுதி மூடப் பார்த்த ஆசையை இவர் மூடவே இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஆண்டாளும் மாணிக்கவாசகரும் பாடின ஊரில் எதற்கு மூடணும்? உடம்பு ஏங்கினால்தான் ஆன்மாவின் ஏக்கம் புரியும் என்பது இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1820-களில் சபையில் தமிழ்ப்பாட்டு வேண்டாம், பூ வேண்டாம் என்று புதிய மிஷனரிகள் கிளம்பினபோது அவர் எதிர்த்து எழுதினார். (ஜாதி வித்தியாசத்தையும் சேர்த்தே ஆதரித்தார். அதை மறைக்கக் கூடாது.) 1829-ல் மிஷன் வேலை போச்சு, சரபோஜிதான் ஆதரித்தார்.

ஆனாலும் ஒரு குறை உறுத்துது. உன்னதப்பாட்டில் அவள் ஏங்குகிற அளவுக்கு அவனும் ஏங்குகிறான், மாறி மாறிப் பேசுகிறார்கள். குறவஞ்சித் தலைவன் வாயே திறக்க மாட்டான். ஏக்கமெல்லாம் பெண் தலையில். இரண்டு பேரும் சரிசமமாகக் கொஞ்சிக்கொள்வது கடைசியில் வரும் சிங்கனும் சிங்கியும்தான். அவளைத் தேடி அலைந்தவன், கண்டதும் காலில் கிடக்கிற நகை என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்பான், அவளும் சளைக்காமல் பதில் சொல்லுவாள். உன்னதப்பாட்டுக் காதலர்களின் சாயல் எனக்கு என்னவோ இந்த ஜோடியிடம்தான் தெரிகிறது.