விண்கல கன்ட்ரோல் பேனல் மாதிரி செய்யப் போறீங்களா? சுவிட்ச் வாங்கும் முன் இதைப் படிங்க!

1969 நவம்பர் 14. அப்போலோ 12 கிளம்பி 36 நொடிதான் ஆகியிருந்தது. ராக்கெட்டை மின்னல் தாக்கியது. 52வது நொடியில் இன்னொரு மின்னல். விண்கலத்துக்குள் எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரிந்தன. தரைக்கு வந்த தகவல்கள் குழம்பிப் போயின. ஹூஸ்டனில் இருந்த பொறியாளர் ஜான் ஆரோன் ஒரே ஒரு சுவிட்ச்சை மாற்றச் சொன்னார். அது எங்கே இருக்கிறது என்பது வீரர் ஆலன் பீனுக்கு ஞாபகம் இருந்தது. தட்டினார். தகவல் சீரானது, நிலவுப் பயணம் தொடர்ந்தது.

500-க்கும் மேற்பட்ட சுவிட்ச்கள் இருந்த பேனல் அது. அறிவியல் புனைகதைப் படங்களில் வரும் பேனல்களுக்கும் இந்த நிஜ விண்கலங்கள்தான் முன்மாதிரி. கடலூர், சிதம்பரம் பக்கம் பள்ளி, கல்லூரிக் கண்காட்சிக்கு இப்படி ஒரு மாதிரியைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது சுவிட்ச்சைத்தான்.

எந்தக் காலத்துப் பேனல்?

1960, 70களின் விண்கலம் என்றால் மேலும் கீழும் தட்டுகிற உலோக 'டாகிள்' சுவிட்ச்தான் பொருத்தம். 2020ல் வீரர்களை ஏற்றிச் சென்ற க்ரூ டிராகன் போல நவீனமாக வேண்டுமா? பெரிய தொடுதிரை, அதன் கீழே ஒரு வரிசை பட்டன், அவ்வளவுதான். இரண்டையும் கலந்தால் பார்ப்பவர்களுக்கு ஏதோ ஒட்டாத மாதிரி தெரியும்.

எந்த வேலைக்கு எந்த சுவிட்ச்?

* டாகிள்: போட்டால் போட்ட நிலையிலேயே நிற்கும். எரிபொருள், ஆக்சிஜன், விளக்கு போன்றவற்றுக்கு.
* காலிங் பெல் வகை பட்டன்: அழுத்தும்போது மட்டும் வேலை செய்யும். 'ஏவு' பட்டனுக்கு இதுதான் சரி.
* ரோட்டரி: ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி திருகுவது. ரேடியோ அலைவரிசை தேர்வுக்கு.
* ஸ்பிரிங் சுவிட்ச்: திருப்பிவிட்டால் தானாக நடுவுக்கு வரும். துணை மின் நிலையங்களில் பிரேக்கரை இயக்கும் 'டிஎன்சி' சுவிட்ச் இந்த ரகம்தான்.
* காளான் வடிவ சிவப்பு பட்டன்: அவசர நிறுத்தத்துக்கு மட்டும். அழகுக்காக நாலு இடத்தில் வைக்காதீர்கள்.

பின்பக்கம் எத்தனை கால்?

வாங்கும்போது சுவிட்ச்சைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு கால் இருந்தால் ஆன், ஆஃப் மட்டும். மூன்று கால் இருந்தால் ஒரு பக்கம் தட்டும்போது சிவப்பு, மறுபக்கம் தட்டும்போது பச்சை விளக்கை எரிய வைக்கலாம். ஆறு கால் என்றால் இரண்டு தனித்தனி சுற்றுகளை ஒரே தட்டில் மாற்றலாம்.

துளையை மறக்காதீங்க

சிறிய டாகிளுக்கு 6 மி.மீ., பெரியதுக்கு 12 மி.மீ., தொழிற்சாலை ரக பட்டனுக்கு 22 மி.மீ. துளை பொதுவாகத் தேவைப்படும். கையில் சுவிட்ச் வந்தபிறகு அளந்து துளை போடுவதே நல்லது. தடிமனான பிளைவுட்டில் சிறிய டாகிளின் மரை வெளியே எட்டாது, நட்டை மாட்டவே முடியாது. போர்டு செய்யும் கடைகளில் மிஞ்சும் 3 மி.மீ. ஏசிபி ஷீட் இதற்கு வசதி. முதலில் அட்டையில் வரைந்து, இரண்டு சுவிட்ச்களுக்கு நடுவில் விரல் நுழைகிறதா என்று பாருங்கள்.

உப்புக்காற்று கவனம்

கடலோர ஊர்களில் உலோகம் சீக்கிரம் கறுத்துவிடும். வெள்ளி முனை கொண்ட சுவிட்ச்கள் அதிக மின்சாரத்துக்கானவை. அந்த மின்சாரம் ஓடும்போதுதான் கறுத்த படலம் உடையும். ஆர்டுயினோ போன்ற போர்டுகளுக்குப் போகும் சின்ன மின்சாரத்தில் அது நடக்காது. அதனால் அங்கே தங்கமுலாம் பூசிய முனைகள் உள்ள சுவிட்ச் நம்பகமானது. காயலான் கடையில் பழைய ஆம்ப்ளிஃபயர், ஸ்டெபிலைசரில் இருந்து கழற்றிய சுவிட்ச் அழகாக இருக்கலாம். ஆனால் மல்டிமீட்டரில் சோதிக்காமல் மாட்டக்கூடாது.

230 வோல்ட் வேண்டவே வேண்டாம்

சுவிட்ச்சில் '250 வோல்ட் ஏசி' என்று எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு மட்டுமே. வீட்டு மின்சாரத்தை பேனலுக்குள் கொண்டுவரச் சொல்லும் அனுமதி அல்ல. உலோகத் தகட்டில் ஒரு வயர் உரசினாலும் தொடுபவர் உயிருக்கு ஆபத்து. கண்காட்சியில் தொடப் போவது சின்னப் பிள்ளைகள். 5 வோல்ட் யுஎஸ்பி அல்லது 9 வோல்ட் பேட்டரி போதும். 9 வோல்ட்டில் ஒவ்வொரு எல்இடிக்கும் ஒரு 470 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள்.

கடைசியாக ஒரு தடுப்பு

அப்போலோ பேனலில் சுவிட்ச்களின் இருபுறமும் வளைந்த கம்பித் தடுப்பு இருக்கும். கை தெரியாமல் பட்டாலும் சுவிட்ச் மாறாது. அது வெறும் அலங்காரம் இல்லை. 1969 ஜூலையில் நிலவில் இறங்கிய அப்போலோ 11 கலத்துக்குள், மேலெழும் எஞ்சினுக்கான பிரேக்கர் பட்டனின் முனை உடைந்து கிடந்தது. முதுகுப்பை இடித்திருக்கலாம் என்று கருதப்பட்டது. பஸ் ஆல்ட்ரின் ஒரு ஸ்கெட்ச் பேனாவை உள்ளே விட்டு அழுத்தினார். பட்டன் உள்ளே போனது, இருவரும் கிளம்பினார்கள்.

உங்கள் 'ஏவு' பட்டனுக்கும் ஒரு மூடி போட்டு, கூடவே ஒரு சுவிட்ச்சை ஸ்பேராக வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சி அன்று காலையில் அதன் அருமை தெரியும்.