வெள்ளம் வளர்த்த மீன்

1932 ஜூன் 2 அன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பெய்த மழையால் வயலில் ஏர் இறக்க முடியவில்லை. தகப்பனை இழந்த குடும்பத்தைத் தாங்கிவந்த ஜார்ஜ் பெரி என்ற இளம் விவசாயி, வேலை நின்றுபோன அந்த நாளில் நண்பர் ஒருவரோடு மான்ட்கோமரி ஏரிக்குத் தூண்டில் போடப் போனார். அங்கே அவர் பிடித்த லார்ஜ்மவுத் பாஸ் மீனின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ். பத்துக் கிலோவுக்குச் சற்றே அதிகம்; அந்த இனத்துக்கு அது உலகச் சாதனை. எடை போட்டு, அளந்த பிறகு மீனைக் குடும்பத்தோடு சமைத்துச் சாப்பிட்டார்; விவரத்தை ‘ஃபீல்டு அண்டு ஸ்ட்ரீம்’ பத்திரிகையின் போட்டிக்கு அனுப்பினார். பொருளாதாரப் பெருமந்தக் காலத்துக் கிராமத்தில் பத்துக் கிலோ மீன் முதலில் உணவு, அதன் பிறகுதான் சாதனை. பாஸ் மீன்பிடிப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை ஏழை இளைஞன் ஒருவனுக்கு அடித்த அதிர்ஷ்டமாகவே சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இந்தச் சாதனையை ஆக்கியது மழை, அதுவும் இரண்டு விதத்தில். அன்றைய மழை மனிதனை ஏரிக்கு அனுப்பியது. அதற்கு முன் பல ஆண்டுகள் பெய்த மழை அந்த மீனை வளர்த்தது.

மான்ட்கோமரி ஏரியை ஏரி என்று அழைத்தாலும் அது ஒக்மல்கீ ஆற்றின் பழைய தடம்தான். வளைந்து நெளிந்து ஓடும் ஆறு ஒரு கட்டத்தில் வளைவை அறுத்துக்கொண்டு நேராகப் போய்விட, கைவிடப்பட்ட வளைவில் நீர் தங்கும். பள்ளிப் புவியியலில் படிக்கும் குதிரைக் குளம்பு ஏரி இதுதான். கோடையில் இது தனித்த குட்டை. கனமழையில் ஆறு கரை புரண்டால் ஆறும் ஏரியும் சுற்றியுள்ள காடும் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். அப்போது காட்டுத் தரையின் மண்புழுவும் பூச்சியும் விதையும் தண்ணீருக்குள் வருகின்றன. சிறுமீன்கள் அவற்றைத் தேடி மரங்களுக்கிடையே ஏறுகின்றன. பாஸ் அந்தச் சிறுமீன்களைத் தேடி ஏறுகிறது. கலங்கல் நீரில் கண் அதிகம் உதவாது. ஆனால் பாஸின் உடலின் இரு பக்கமும் ஓடும் உணர்கோடு, இரை அசையும்போது எழும் அதிர்வைப் பிடித்துவிடும். அதனால்தான் மழைக்குப் பிறகு தூண்டில்காரர்கள் ஆழத்தை விட்டு, புதிதாக மூழ்கிய புல்லோரத்தையும் புதரடியையும் நாடுகிறார்கள். சத்தமும் அதிர்வும் தரும் பொய்யிரைகளை வீசுகிறார்கள். இது ஒரு நாள் மீன்பிடிப்பின் நுட்பம். அதைவிடப் பெரிய விஷயம், வெள்ளம் வடியும்போது அந்தச் சிறிய ஏரிக்குள் சிக்கி நிற்கும் இரைமீன்கள். ஆண்டுதோறும் ஆறு இப்படிக் கொண்டுவந்து கொட்டினால், அங்கே வாழும் ஒரு பாஸ் அலையாமல் தின்று கொழுக்கலாம். பெரி பிடித்த மீனின் நீளம் 32½ அங்குலம், சுற்றளவு 28½ அங்குலம். நீளத்துக்கு ஏறக்குறைய இணையான சுற்றளவு, இரைக்குப் பஞ்சமே அறியாத உடம்பைக் காட்டுகிறது.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம், அந்த மீனே ஐயத்துக்குரியது என்பது. ஏற்கத்தக்க புகைப்படம் இல்லை, உடல் பாதுகாக்கப்படவில்லை, அப்படியிருக்க அதன் மேல் ஒரு வாதத்தைக் கட்டலாமா? நியாயமான கேள்விதான். ஆனால் ஏமாற்ற நினைத்தவர் கடைசி வரை இவ்வளவு அமைதியாக இருந்திருக்க மாட்டார். பரிசாகக் கிடைத்தது 75 டாலர் மதிப்புள்ள பொருள்கள்தான். 1974-இல் விமான விபத்தில் இறக்கும் வரை அவர் இந்த மீனை வைத்துப் பணம் தேடவில்லை. 1934-இலும் அதே போட்டியில் வென்றார். ஆகவே அந்த வட்டாரத்தில் பெரிய மீன்கள் இருந்தது ஒரு நாள் கதையல்ல. இரண்டாவது ஆட்சேபம் வம்சத்தைப் பற்றியது: தெற்கு ஜார்ஜியாவில் புளோரிடா வகைப் பாஸின் கலப்பு உண்டு, அந்த வகை இயல்பிலேயே பெருத்து வளரும், எனவே வெள்ளத்துக்கு இதில் பங்கில்லை என்பார்கள். கலப்பு உண்மை. ஆனால் வம்சம் மட்டுமே காரணமென்றால் புளோரிடாவில் இதைவிடப் பெரிய மீன் கிடைத்திருக்க வேண்டும். அந்த மாநிலம் சான்றளித்துள்ள சாதனை 17 பவுண்டைச் சற்றே தாண்டுகிறது.

மூன்றாவதுதான் வலுவான ஆட்சேபம். கலிபோர்னியாவின் வறண்ட தென்பகுதியில், வெள்ளக்காடே இல்லாத குடிநீர்த் தேக்கங்களில், பெரியின் சாதனையை நெருங்கும் மீன்கள் கிடைத்திருக்கின்றன. 1959-இல் சான் டியகோ ஏரிகளில் புளோரிடா பாஸ் விடப்பட்டது. 1991-இல் கஸ்டெயிக் ஏரியில் 22 பவுண்டு மீன் சிக்கியது. ஆனால் அங்கே தூண்டில்காரர்களுக்காக அரசு வளர்ப்பு டிரவுட் மீன்களைக் கொண்டுவந்து விட்டுவந்தது. கொழுப்பு மிகுந்த அந்த மீன்களைத் தின்றே பாஸ் பெருத்தது. ஒக்மல்கீயில் வெள்ளம் செய்ததை இங்கே லாரி செய்தது. இந்த எடுத்துக்காட்டு என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது: இரை ஏராளமாய்ச் சேராத நீரில் சாதனை மீன் வளர்வதில்லை. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் பெரியின் மீனைவிட ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல் எடை கொண்டிருந்தது. விதிப்படி இரண்டு அவுன்ஸ் மிஞ்சாததால் சாதனை இருவருக்கும் பொதுவாயிற்று. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட இனமான பாஸுக்கு, பெரும் பழமையான அந்த ஏரியின் சொந்த மீன்களும் இரை. அந்த ஏரியின் உயிர்வளத்துக்கு அது பெரிய இழப்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி இந்தப் பொழுதுபோக்கு தொழிலாக மாறிய கதை. அதிலும் மழை வருகிறது, எதிர்த்திசையில். 1967-இல் மிசிசிப்பியின் ஜாக்சனுக்கு மீன்பிடிக்கப் போன காப்பீட்டு முகவர் ரே ஸ்காட் மழையால் விடுதி அறையில் முடங்கினார்; தொலைக்காட்சியில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பாஸ் போட்டிகள் நடத்தும் எண்ணம் உதித்தது என்று அவரே சொல்லிவந்தார். அந்த ஜூனில் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் 106 பேரோடு முதல் போட்டி நடந்தது. பீவர், அணை கட்டிச் சில ஆண்டுகூட ஆகாத தேக்கம். இந்தத் தற்செயல் கவனிக்கத்தக்கது. புதுத் தேக்கம் என்பது வடியாத வெள்ளம்: மூழ்கிய காடும் வயலும் மட்கி நீருக்கு உரமாகும், மீன் பெருகும், ஐந்து பத்து ஆண்டுகளில் அந்த வளம் அடங்கும். அமெரிக்கத் தெற்கில் வெள்ளத் தடுப்புக்கும் மின்சாரத்துக்கும் அடுத்தடுத்து அணைகள் எழுந்த காலத்தில்தான் பாஸ் மீன்பிடிப்பு பெருந்தொழிலாயிற்று. ஆழம் காட்டும் கருவி, வேகப் படகு, பிளாஸ்டிக் புழு எல்லாம் அந்தத் தேக்கங்களில் பரவின. மீன் பெருகியதன் புகழை அவை வாங்கிக்கொண்டன. மூழ்கிய நிலம் தந்த வளத்தை மறந்துவிட்டோம்.

அந்த மறதிக்கு விலை உண்டு. மான்ட்கோமரி ஏரி இன்று பெரும்பாலும் தூர்ந்துவிட்டது. வளத்தைக் கொண்டுவந்த வெள்ளமே வண்டலையும் கொண்டுவந்தது. ஆறு சுதந்திரமாக வளைந்தால் பழைய குட்டை தூரும்போது வேறோர் இடத்தில் புதிது பிறக்கும். கரையைக் கட்டி நேராக்கினால் பிறக்காது. இதற்கு மாற்றாக மனிதர்கள் வம்சத்தில் முதலீடு செய்தார்கள். டெக்சாஸ் 1986 முதல் தூண்டில்காரர்கள் தரும் 13 பவுண்டோ அதற்கு மேலோ எடையுள்ள பாஸ்களை வாங்கி, குஞ்சு பொரிக்க வைத்து ஏரிகளில் விடுகிறது. பொறுமையும் அக்கறையும் வேண்டிய நல்ல பணி அது. ஆனால் அண்மை ஆண்டுகளில் அந்தத் திட்டத்துக்குப் பெரிய மீன்களை அள்ளித் தந்த ஏரிகளில் முதன்மையானது மேற்கு டெக்சாஸின் ஓ.எச். ஐவி. நீண்ட வறட்சியில் அது சுருங்கியது. வெளித்தெரிந்த தரையில் புதர் மண்டியது. பிறகு மழை வந்து அந்தப் புதர்களை மூழ்கடித்தது. நல்ல வம்சக் குஞ்சுகள் வேறு பல ஏரிகளிலும் விடப்பட்டிருந்தன. ஐவிக்குக் கூடுதலாகக் கிடைத்தது அந்த வெள்ளம்.