மசி பூசிய பாடப் புத்தகங்கள்

1890-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி மெய்ஜி சக்கரவர்த்தியின் பெயரால் வெளியான கல்விப் பிரகடனம், பெற்றோரைப் பேணுதல், உடன்பிறந்தாரிடம் அன்பு, கல்வியில் ஊக்கம் என்று எவரும் மறுக்கவொண்ணாத தர்மங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, ஆபத்து நேர்ந்த காலத்தில் சிம்மாசனத்துக்காகத் தன்னையே அர்ப்பணிக்க வேண்டும் என்ற இடத்தில் சிகரத்தை எட்டியது. ஜப்பானியப் பள்ளிகளில் விசேஷ தினங்களில் தலைமையாசிரியர் வெள்ளைக் கையுறை அணிந்த கரங்களால் அதை ஏந்தி வாசிக்க, குழந்தைகள் தலை குனிந்து அசையாமல் நிற்பார்கள். மறு வருஷம் ஜனவரியில், டோக்கியோவில் ஆசிரியராயிருந்த உச்சிமுரா கான்ஸோ என்ற கிறிஸ்தவர் அப்பிரதியின் முன் போதுமான அளவு தாழ்ந்து வணங்கவில்லை என்று பெருங் கிளர்ச்சி எழுந்து, அவர் உத்தியோகத்தையே இழந்தார். தேசத்தை மனமார நேசித்தவர் அவர். ஆயினும் நேசத்துக்கும் வணக்கத்துக்கும் இடையே ஓர் அங்குலம் விலகி நின்றதை அக்காலம் பொறுக்கவில்லை. மற்ற ஆசிரியர்களுக்கு அது எத்தகைய பாடமாயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பர் 20-ஆம் தேதி கல்வி அமைச்சு, பாடப் புத்தகங்களில் யுத்த உணர்ச்சியை வளர்க்கும் பகுதிகளை நீக்கும்படி உத்தரவிட்டது. புதிதாக அச்சிடக் காகிதம் இல்லை. ஆகவே ஆசிரியர் பக்கத்தையும் வரியையும் சொல்லச் சொல்ல, எழுத்துப் பயிற்சிக்கென வைத்திருந்த மசிக்கட்டியைக் கல்லில் உரைத்து, தூரிகையில் தோய்த்து, குழந்தைகளே அவ்வரிகளை அழித்தார்கள். மசி நீர்த்துப் போயிருந்தால் உலர்ந்த பின் எழுத்து மீண்டும் தெரியும். அதன் மேல் இன்னொரு முறை பூச வேண்டும். சில பக்கங்களில் வாக்கியங்களைக் காட்டிலும் கறுப்பே மிகுதியாயிற்று. சென்ற மாதம் வரை எவ்வரிகளைப் பக்தியோடு மனனம் செய்வித்தாரோ, அவ்வரிகளையே அதே குரலில் அழிக்கச் சொன்ன ஆசிரியரை அப்பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்த பார்வை, பின்னாளில் அத்தலைமுறையினர் எழுதிய நினைவுக் குறிப்புகளில் மீண்டும் மீண்டும் வருகிறது.

வரிகள் மாறினவேயன்றி முறை மாறவில்லை என்பதே என் எண்ணம். ஏன் அழிக்கிறோம், முன்பு ஏன் நம்பினோம் என்று அவ்வகுப்பில் உரக்கக் கேட்க இடம் தந்திருந்தால், அந்த ஒரு மணி நேரமே ஒப்பற்ற குடிமைப் பாடமாகியிருக்கும். பசியும் பீதியும் சூழ்ந்திருந்த ஆசிரியர்களிடம் அதை எதிர்பார்ப்பது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவ்வாண்டின் கடைசி நாளில் ஆக்கிரமிப்புப் படைத் தலைமை நீதிபோதனை, சரித்திரம், பூகோளம் ஆகிய மூன்று பாடங்களையும் நிறுத்திவைத்தது. மறு வருஷம் வந்த புதிய சரித்திர நூல், தேவர்களின் வம்சக் கதையை விடுத்துக் கற்கால மனிதரிடமிருந்து தொடங்கிற்று.

ஆனால் கேள்வி கேட்கும் உரிமை புத்தகத்தை மாற்றியதனால் மட்டும் வந்துவிடவில்லை. யுத்த காலத்தில் ஆசிரியராயிருந்து, அந்நாளில் எதிர்க்காமல் இருந்துவிட்டோமே என்று வருந்திய இயெனாகா சபுரோ என்னும் சரித்திராசிரியர், தாம் எழுதிய உயர்நிலைப் பள்ளி நூலை அரசாங்கம் தணிக்கை செய்ததை ஆட்சேபித்து 1965-இல் வழக்குத் தொடுத்தார். வழக்குகள் மூன்றாகி, 32 ஆண்டுகள் நீண்டன. 1997 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தணிக்கை முறை அரசியல் சாசனத்துக்கு மாறானதன்று என்று கூறியபோதிலும், சீனாவில் மனிதரைக் கொண்டு பரிசோதனை நடத்திய 731-ஆம் படைப்பிரிவைப் பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அப்போது இயெனாகாவுக்கு வயது 83.