ஏற்றத்துக்கே மயங்கிய கேமரா

இன்ஜின் முன்னால் நின்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு மலையேறுகிறது என்பதுதான் மலை ரயில் என்றதும் மனத்தில் எழும் சித்திரம். நீலகிரியில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, அப்படியொரு படத்தை எடுக்கவே முடியாது. 1899 ஜூனில் திறக்கப்பட்ட இந்தப் பாதையில் 12 அடி போனால் ஓரடி உயர்கிறது. சக்கரம் மட்டும் பிடித்து ஏற முடியாத சரிவு என்பதால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே போகும். இங்கே இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும்; இறங்கும்போது முன்னே நின்று மொத்தப் பாரத்தையும் தாங்கும். நடுவில் இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் இன்ஜின்மேல்தான் சாய வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். ஆக, இன்ஜின் தலைமை தாங்கி வரும் படம் வேண்டுமென்றால் இறங்கும் வண்டியைத்தான் எடுத்தாக வேண்டும். ஆனால் மலை ரயில் படங்களின் வரலாறு பெரிதும் ஏற்றத்தின் வரலாறாகவே இருக்கிறது. இறக்கம் அதில் விடுபட்டுப்போனது தற்செயல் அல்ல என்பதே என் வாதம்.

முதல் காரணம் புகை. ஏறும் இன்ஜின் முழு வலுவோடு உழைக்கும். காடே அதிரும்படி புகை கக்கும். இறங்கும்போது ஓட்டுநர் நீராவியை அடைத்துவிடுவார். நீராவி ஓடிய அதே உருளைகள் இப்போது காற்றை இழுத்து அமுக்கும். அமுங்கிய காற்று உந்துதண்டை எதிர்த்து நின்று வண்டியைத் தடுக்கும். காற்று அமுங்குவதால் எழும் சூட்டைத் தணிக்க உள்ளே தண்ணீர் தெளிக்க வேண்டும். இன்ஜினுக்கு இது லேசான வேலை இல்லை. ஆனால் கேமராவுக்குக் காட்ட வெளியே ஒன்றும் இருக்காது. இரண்டாவது காரணம் வெளிச்சம். நீராவி வண்டி காலையில் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி ஏறுகிறது, பிற்பகலில் திரும்பி இறங்குகிறது. குன்னூர் மலைச்சரிவு தென்கிழக்கைப் பார்த்தது. காலை வெயில் அதன் முகத்தில் விழும். பிற்பகலில் மலையே மலைக்கு நிழலாகிவிடும். ரசனை ஒருபுறம் இருக்கட்டும், கால அட்டவணையும் ஏற்றத்தின் பக்கமே நின்றது.

இந்தப் பழக்கம் நீலகிரியில் தொடங்கியதும் அல்ல. புகைப்படக்காரர் சாமுவேல் பார்ன் 1860-களில் கண்ணாடித் தகடுகளையும் ரசாயனப் புட்டிகளையும் கூலிகளின் தலையில் ஏற்றி இமயமலைக்குள் போனபோது, தகட்டின் ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். ஒரு படத்துக்குப் பல நொடி வெளிச்சம் வேண்டும். ஓடும் வண்டியை எடுப்பது நடக்காத காரியம். 1881-ல் டார்ஜிலிங் பாதை திறந்தபோது உலர்தகடு பரவத் தொடங்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பாதையிலுள்ள அகனி பாயின்ட் வளைவின் பழைய படங்களில் பலவற்றைப் பார்த்தால், வண்டியை நிறுத்தி, ஆட்களையும் வரிசையாக நிற்கவைத்து எடுத்தது தெரியும். நிற்கும் வண்டிக்கு ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. இன்ஜினின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுவே பயணத் திசை என்று பார்ப்பவர் எடுத்துக்கொண்டார். டார்ஜிலிங்கில் இன்ஜின் முன்னின்று இழுப்பதால் அந்தக் கணக்கு அங்கே பெரும்பாலும் பொருந்தியது. அதே கண்ணோடு நீலகிரிப் படத்தைப் பார்த்தால் திசை தலைகீழாகிவிடுகிறது.

அழகான காட்சியைத் தேடுவதுதானே புகைப்படக்காரர் வேலை, புகையில்லாத வண்டியை அவர் ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, விற்பனைக்குப் படமெடுத்த ஸ்டூடியோக்காரர்மேல் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படங்களையே நாம் வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ளும்போது சிக்கல் வருகிறது. பாதை போட்டவர்களின் பயம் முழுக்க இறக்கத்தைப் பற்றியது. 1863-ல் திறந்த போர் காட் (Bhor Ghat) மலை ரயில் பாதையில், கட்டுமீறி இறங்கும் வண்டி மேடேறி நின்றுவிடுவதற்காகவே பக்கவாட்டில் தனித் தண்டவாளம் போட்டார்கள். சரிவில் இறங்கும் வண்டி அங்கே நின்று, பாதை மாற்றிவிட்ட பிறகே நகர வேண்டும். பொறியாளர் பணத்தையும் இரும்பையும் கொட்டிய இடம் ஒன்று, கேமரா பார்த்த இடம் வேறு.

அசையாத படத்தில் திசையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது இன்னொரு தடை. இது பாதிதான் உண்மை. பள்ளத்துப் பக்கம் இன்ஜின், மேலே பெட்டிகள் என்ற அமைப்பு இரு திசைக்கும் பொதுதான். ஆனால் புகைப்போக்கியைப் பாருங்கள். தூணாகப் புகை எழுந்தால் ஏற்றம், வெறிச்சென்று இருந்தால் பெரும்பாலும் இறக்கம். அடுத்து ஆட்களைப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. ஏறும்போது முதல் பெட்டியின் முகப்பில் பச்சை, சிவப்புக் கொடிகளோடு நிற்பவர்தான் கடைசியில் இருக்கும் ஓட்டுநருக்குக் கண். இறங்கும்போது ஓட்டுநர் தாமே முன்னால் இருப்பதால் அந்தக் கொடிக்கு வேலை குறைவு. விசில் சங்கேதத்தைக் கேட்டுக் கைப்பிடியைத் திருகி பிரேக்கை இறுக்குவதும் தளர்த்துவதுமே பிரேக்ஸ்மேன்களின் பாடு. பல் தண்டவாளப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அதைக் காப்பதில் இவர்கள் கைக்கும் பங்குண்டு. படம் எடுப்பவர் கேமராவைச் சற்றுச் சாய்த்து வண்டியை மட்டமாக்கிவிட்டால் சரிவும் காணாமல் போகும். அப்போது பின்னணியில் செங்குத்தாக வளர்ந்த மரங்கள் சாய்ந்து நின்று காட்டிக்கொடுக்கும்.

2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதை இது. இதன் பழைய படங்களைத் தொகுப்பவர்களும் அச்சிடுபவர்களும் ஆண்டையும் இடத்தையும் குறிப்பதோடு நிறுத்தாமல், வண்டி ஏறுகிறதா இறங்குகிறதா என்றும் ஒரு வார்த்தை எழுத வேண்டும். தெரியாவிட்டால் ‘மலையேறும் ரயில்’ என்ற வரியையாவது எடுத்துவிட வேண்டும். புதிதாகப் படமெடுக்கப் போகிறவர்கள் காலை வண்டியோடு திரும்பிவிடாமல் பிற்பகல் வரை காத்திருந்து, பிரேக் பிடிக்கும் கையையும் எடுத்து வாருங்கள்.