சிங்கையில் இரு பள்ளிகள்

‘பள்ளி’ என்னும் சொல்லுக்குத் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடம் பள்ளி எனப்பட்டது. ஆங்கே எழுத்தறிவிக்கப்பட்டமையால் கல்விக்கூடத்திற்கும் அப்பெயர் நிலைத்தது என்பர். இசுலாம் தமிழ்க் கரைக்கு வந்தபோது தமிழ் முசுலிம்கள் தம் தொழுமிடத்தைப் பள்ளிவாசல் என்றே வழங்கினர். சிங்கப்பூரில் இவ்விருவகைப் பள்ளிகளையும் அவர்கள் எழுப்பினர். ஒருவகை நிலைபெற்றது, மற்றது மறைந்தது. இதன் காரணம் தமிழாசிரியர்களாகிய நாம் எண்ணத்தக்கது.

1819-இல் ஆங்கிலேயர் இத்தீவில் வணிகத்தளம் அமைத்தபின், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா வணிகர் விரைந்து வேரூன்றினர். அன்சார் சாயிபு தலைமையில் 1826-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியாப் பள்ளிவாசல் தோன்றியது. மறு ஆண்டே அதே சாலையில், சில அடிகள் தள்ளி, நாராயண பிள்ளை மாரியம்மன் கோயிலுக்கு வித்திட்டார். அந்நாளில் கடலோரமாயிருந்த தெலுக் ஆயர் தெருவில் 1827-இல் ஓலை வேய்ந்த சிறு தொழுமிடம் ஒன்று எழுந்தது. அல் அப்ரார் என்பது அதன் பெயராயினும் தமிழர் அதைக் ‘குச்சுப் பள்ளி’ என்றனர். குடிசை கற்கட்டடமான பின்னும் அப்பெயர் போகவில்லை! அதனருகே நாகூர் ஆண்டவர் நினைவாகத் தர்கா 1830-இல் நிறைவுற்றது.

கட்டியவர் மறைந்தபின் காப்பவர் யார்? இதற்கு விடையாவது வக்பு என்னும் அறக்கட்டளை முறை. லிட்டில் இந்தியாவிலுள்ள டன்லப் தெருவில் இதனைத் தெளிவாகக் காணலாம். அங்கிருந்த பழைய மரப் பள்ளிவாசலின் பொறுப்பாளருள் ஒருவரான சேகு அப்துல் கபூர், ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் தலைமை எழுத்தராகப் பணிபுரிந்தவர். அவர் வளாகத்தில் கடைகளும் வீடுகளும் கட்டுவித்தார். அவற்றின் வாடகையே புதிய பள்ளிவாசலுக்கு மூலதனமாயிற்று. இன்று அப்துல் கபூர் பள்ளிவாசல் என அவர் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

ஆயினும் எல்லா அறங்களும் இவ்வாறு செவ்வனே நடைபெறவில்லை. ஆதலின் 1905-இல் குடியேற்ற அரசு சட்டமியற்றிப் பள்ளிவாசல், கோயில் சொத்துகளை ஒரே வாரியத்தின்கீழ்க் கொணர்ந்தது. தனக்கென ஒரு சமயத்தை மேற்கொள்ளாத சிங்கப்பூர்க் குடியரசோ 1966-இல் முசுலிம் சட்ட நிருவாகச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி 1968-இல் ‘மூயிஸ்’ எனப்படும் இசுலாமிய சமய மன்றம் அமைந்தது. வக்புச் சொத்துகள் அதன் பொறுப்பில் வந்தன. சமயச் சார்பின்மை என்பது சமயத்தினின்று விலகி நிற்றலே என்பார்க்கு இது வியப்பளிக்கலாம். இங்கே அரசு ஒரு சிறுபான்மையினரின் அறத்திற்குச் சட்டத்தால் வேலியிட்டது.

கல்விப் பள்ளியின் கதை வேறு. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வாழ்ந்த கடையநல்லூர் மக்கள், தம் முசுலிம் லீக் வாயிலாக 1946-இல் ஒரு தமிழ்ப் பள்ளி தொடங்கினர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டினர். நாளங்காடியிலும் துறைமுகத்திலும் உழைத்தோர் காசு சேர்த்து வளர்த்த அப்பள்ளி, பின்னர் உயர்நிலைப் பள்ளியாகவும் ஓங்கியது. மாணவர் தொகை குறைந்து 1982-இல் அது மூடப்பட்டது.

அதற்கும் ஒரு வக்பு இருந்திருந்தால் பிழைத்திருக்குமோ என்று நான் பலகால் எண்ணியதுண்டு. வாடகைப் பணம் ஆசிரியருக்கு ஊதியம் தரும், கூரையைச் செப்பனிடும். பிள்ளைகளைக் கொணர்ந்து தருமா? தொழுகைக்கு வருவது கடமை. தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புவதோ பெற்றோரின் விருப்பம். அவ்விருப்பம் ஆங்கிலப் பள்ளிகளை நோக்கித் திரும்பியதற்கு அரசை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. தமிழாசிரியர் வீட்டுப் பிள்ளைகளும் அவ்வழியே சென்றனர்.

1983-இல் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் தொடங்கிற்று. தம் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாத மாணவர்கள், அவர்கள் எச்சமயத்தினராயினும், பகல் வகுப்புகள் முடிந்தபின் அங்கே வந்து தமிழ் படிக்கின்றனர். பள்ளிவாசல்கள் சிலவற்றில் வெள்ளிக்கிழமைப் பேருரை இன்றும் தமிழில் நிகழ்கிறது.